முழங்கால் நார் அறுந்தவர் மைதானம் திரும்புதல்

(சங்க மண்டபத்திற் பேசிய பேச்சு)



இம்மேடையிலே சமயமும் இலக்கியமும் பேசப்படுவதே வழக்கம். இன்று நாம் முழங்காலைப் பற்றிப் பேச எழுந்திருப்பது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். ஆயினும் நம் வாலிபருள் மாலைதோறும் பந்துக்குப் பின்னால் ஓடாதவர் சிலரே. ஓடுகின்ற ஒருவனுக்கு முழங்காலினுள்ளே ஒரு நார் அறுந்துவிட்டால், அதனோடு அவன் வாழ்விலே ஓராண்டும் போய்விடுகின்றது. அந்த ஓராண்டை அவன் எப்படிக் கழிக்க வேண்டும், நாம் அவனை எப்படி நடத்த வேண்டும் என்பதே எமது விஷயம்.

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டின் நடுவே இரண்டு நார்கள் பிணைக்கின்றன. ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்வதனால் வைத்தியர்கள் அவற்றைச் சிலுவை நார்கள் என்பர். (மிஷன் பாடசாலையிலே படித்த எமக்கு இப்பெயர் மறக்கவில்லை.) விளையாட்டு வீரரை வீட்டில் இருத்துவது பெரும்பாலும் முன்புறத்து நார். கீழ்க்கால் எலும்பு முன்னே வழுக்காமலும், மூட்டு மிதமிஞ்சி முறுகாமலும் காப்பது அதன் தொழில். எதிரி உதைத்ததனால் அறுந்தது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையிலே அநேகமான வேளைகளில் எவரும் தொடுவதில்லை. வேகமாய் ஓடியவன் திடீரெனத் திரும்புகிறான், பாய்ந்தவன் ஒற்றைக் காலிலே பிசகாய் இறங்குகிறான், அவ்வளவே. ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களிலும் பெண்களுக்கு இவ்வாபத்து இரண்டு மடங்கோ அதற்கு மேலோ என்பர். 2022–23 பருவத்திலே இங்கிலாந்தின் ஆர்சனல் பெண்கள் அணியில் மாத்திரம் நால்வருக்கு இந்நார் அறுந்தது. வலைப்பந்தாடும் நம் சகோதரிகளையும் இங்கே மறந்துவிடலாகாது.

கிரிக்கெட் அபிமானிகள் கேன் வில்லியம்சனை அறிவர். 2023 மார்ச் 31ஆந் திகதி அகமதாபாத்திலே எல்லைக் கோட்டருகே பந்தைத் தடுக்கப் பாய்ந்து விழுந்தார், நார் அறுந்தது. ஏப்ரலில் சத்திரசிகிச்சை. ஒக்டோபர் 13ஆந் திகதி சென்னையில் வங்காளதேசத்துக்கு எதிராக உலகக் கிண்ண ஆட்டத்தில் இறங்கி 78 ஓட்டம் எடுத்தார். அப்படியாயின் ஆறு மாதம் போதுமே என்று சிலர் கேட்பர். போதாது. அவர் பயிற்சி ஆட்டத்தில் முதலில் துடுப்பெடுத்தாட மாத்திரமே வந்தார். உலகக் கிண்ணத்தின் முதல் இரண்டு ஆட்டங்களிலும் ஒதுங்கியிருந்தார். ஆட்டக்காரர் ஓடும் ஓட்டம் வேறு, உதைபந்தாட்டத்திலே நிமிடத்துக்கு நிமிடம் வளைந்து திரும்பும் ஓட்டம் வேறு. அன்றியும் அவரைச் சூழ்ந்து நின்ற நிபுணர் கூட்டம் நம்மவர்க்கு எங்கே கிடைக்கும்?

இனி, உள்ளே நடப்பதைச் சற்று விரிவாய்ச் சொல்ல வேண்டும். தவறுகள் யாவும் இதனை அறியாமையால் விளைவன. அறுந்த நாருக்குப் பதிலாக, நோயாளியின் சொந்த உடம்பிலிருந்தே, முழங்காற் சில்லின் கீழிருந்தோ தொடையின் பின்புறத்திருந்தோ ஒரு துண்டு நாரை எடுத்து வைத்தியர் பொருத்துகிறார். தோற்புண் சில வாரங்களில் ஆறுகின்றது. வீக்கம் வற்றுகின்றது. மூன்று நான்கு மாதத்தில் பையன் மெல்ல ஓடவும் செய்கிறான், நோவு இல்லை, சுகமாகிவிட்டது என்கிறான். ஆனால் இடம்பெயர்க்கப்பட்ட அந்த நாரோ தன் இரத்த ஓட்டத்தை இழந்து, புதிய குழாய்களும் புதிய உயிரணுக்களும் வந்து குடியேறும்வரை காத்திருக்கின்றது. முதல் மாதங்களில் அது பொருத்திய நாளினும் பலவீனமாயிருக்கும். முற்றிலும் மாறி அமைவதற்கு ஓராண்டும் அதற்கு மேலும் செல்லும். நோவில்லாமை இங்கே சாட்சியாகாது.

ஒஸ்லோ நகரத்தாரும் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தாரும் கூடி நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2016இல் வெளிவந்தது. திரும்பி விளையாடுவதை ஒன்பதாம் மாதம்வரை தள்ளிவைத்த ஒவ்வொரு மாதத்துக்கும், முழங்கால் மறுபடி காயப்படும் வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நாட்கணக்கு மாத்திரம் போதாது, பரீட்சையும் உண்டு. தொடைத்தசையின் பலமும், ஒற்றைக் காலால் தாவும் தூரமும் நல்ல காலோடு ஒப்பிடுகையில் 100க்கு 90ஆவது இருத்தல் வேண்டும். இப்பரீட்சைகளிலே தேறித் திரும்பியவருள் 100க்கு ஆறு பேர் அளவிலேயே மீண்டும் காயப்பட்டனர். தேறாது திரும்பியவருள் 38 பேர். பல்கலைக்கழகப் பரீட்சையிலே தவறினால் மறுபடி எழுதலாம். இங்கே மறுபடியும் கத்திதான்.

எம்மோடு படித்த நண்பர் ஒருவர் இப்படித்தான் ஆறாம் மாதத்திலே களத்தில் இறக்கப்பட்டார். பாடசாலையின் பெயர் வேண்டாம். பெரிய ஆட்டம் நெருங்கியது. பழைய மாணவர் வீட்டுக்கு வந்தனர். "நீ நின்றால் போதும், தம்பி" என்றனர். நின்றால் போதுமான உதைபந்தாட்டம் எதுவென்று எமக்குத் தெரியாது. இருபதாம் நிமிடத்தில் அவரைத் தூக்கிச் சென்றார்கள். மறுமுறை சத்திரசிகிச்சைக்குத் தாயாரின் நகை போயிற்று. வந்து கேட்டவர்களுள் எவரும் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை.

எல்லாருக்கும் கத்தி அவசியந்தானா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. சுவீடனில் 121 இளைஞரைக் கொண்டு நடந்த பரிசோதனையின் முடிவு 2010இல் வந்தது. உடனே சத்திரசிகிச்சை பெற்றவரும், முதலிலே பயிற்சி செய்து தேவைப்பட்டால் மாத்திரம் பின்னர் பெற்றவரும் இரண்டாண்டு முடிவில் ஒரே நிலையில் இருந்தனர். பின்னைய வகுப்பினர் 59 பேரில் 23 பேருக்கே அதற்குள் கத்தி வேண்டியிருந்தது. காணியை ஈடு வைக்குமுன் வைத்தியரிடம் இதைக் கேட்டறிவது நன்று.

மனத்தின் சங்கதி ஒன்றுண்டு. 2014இல் தொகுக்கப்பட்ட கணக்கின்படி 100 பேரில் 81 பேர் ஏதாவதொரு விளையாட்டுக்குத் திரும்புகின்றனர். பழைய தரத்தை எட்டுவோர் 65. போட்டி ஆட்டத்துக்குத் திரும்புவோர் 55. எஞ்சியோரிற் பலரைத் தடுப்பது அச்சம். கூடைப்பந்து வீரர் டெரிக் ரோஸ் 2012–13 பருவம் முழுவதும் ஒதுங்கியிருந்தபோது அவரைப் பலர் இகழ்ந்தனர். எமக்கு அவர் பக்கமே நியாயம் தோன்றுகின்றது. இதற்கு மாறாக ஸ்பெயின் தேசத்து அலெக்ஸியா புட்டெல்லாஸைப் பாருங்கள். 2022 ஜூலையில் நார் அறுந்தது. 2023 ஏப்ரல் முடிவிலேயே திரும்பினார். அவ்வாண்டு உலகக் கிண்ண இறுதியாட்டத்திலே, உலகின் சிறந்த வீராங்கனை என்று இருமுறை பரிசு பெற்ற அவரை, ஆட்டம் முடியும் தறுவாயிலேதான் இறக்கினர். கிண்ணம் வந்தது, காலும் தப்பியது.

ஆதலால் நமது விளையாட்டுக் குழுவின் முன் ஒரு பிரேரணையை வைக்கிறோம். சத்திரசிகிச்சை பெற்றவர் எவரும், ஒன்பது மாதம் கழிந்து, இயன்மருத்துவர் நடத்தும் பரீட்சையில் தேறினாலன்றி, நம் அணியில் ஆடலாகாது. அதுவரை அவர் பெயர் அணிப் பட்டியலில் இருக்க வேண்டும். ஓட்டக் கணக்கெழுதவும் இளையோரைப் பழக்கவும் அவரை அழைக்க வேண்டும். அடுத்த பருவத்தில் அவருக்குரிய இடம் அவருக்கென்றே இருக்கும் என்று அணித் தலைவர் அவர் வீட்டுக்கே போய்ச் சொல்ல வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்திலே இதனை வாக்குக்கு விடுமாறு காரியதரிசி அவர்களை வேண்டுகிறோம்.