ஏறும்போது எங்கே போயிற்று ஐயம்?



பங்குச் சந்தையைப் பற்றிப் பேச நாடகக்காரனுக்கு என்ன தகுதி என்று கேட்கக்கூடும். கல்லூரியைக் கடக்காதவன் கணக்குச் சொல்ல வந்துவிட்டானே என்று கேலி பேசவும் கூடும். பேசட்டும்! வேடம் எது, மெய் எது என்று அறிவது எங்கள் தொழில். நான் இன்று சொல்ல வந்ததும் ஒரு நாடகம்தான்.

2022ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள். சாதனா பிராட்காஸ்ட் என்றொரு சிறு நிறுவனம். கேட்பாரற்றுக் கிடந்த அதன் பங்குக்குத் திடீரென்று பட்டாபிஷேகம்! யூடியூபிலே இரண்டு அலைவரிசைகள் முழங்கின. அதானி குழுமம் இதனை வாங்கப்போகிறதாம். அமெரிக்க நிறுவனமொன்று பக்திப் படம் எடுக்க 1,100 கோடி ரூபாய் கொட்டப்போகிறதாம். அத்தனையும் பொய். ஆனால் 2,167ஆக இருந்த சிறு பங்குதாரர் தொகை 55,343 ஆயிற்று! வந்தவர் வாங்கினர், உள்ளே இருந்தவர் விற்றனர். இவர்கள் சேமிப்பு அவர்கள் இலாபமாயிற்று.

சிறு நிறுவனத்தை ஏன் தேடிப் பிடிக்கிறார்கள்? ஏ.சி.சி. பங்கை 1992இல் வானுக்கு ஏற்ற ஹர்ஷத் மேத்தாவுக்கு வங்கிகளின் பணமே தேவைப்பட்டது. சிறு நிறுவனத்துக்கு அவ்வளவு வேண்டாம். கைமாறும் பங்கு கொஞ்சம். நாலு பேர் கூடித் தமக்குள்ளே வாங்கி விற்றால் விலை துள்ளும்.

ஒரே நாளில் இவ்வளவுக்கு மேல் ஏறாதே, இறங்காதே என்று வரம்பு உண்டு. பல சிறு பங்குகளுக்கு 5 விழுக்காடு. காக்க வந்த வேலிதான். ஆனால் ஏறும் நாளில் விற்பார் இல்லை, ஆசை பெருகுகிறது. இறங்கும் நாளில் வாங்குவார் இல்லை, கதவு அடைபடுகிறது.

எங்கள் குழுவில் ஒப்பனைக்காரர் ஒருவர் இருக்கிறார், என்னைவிட மூத்தவர். மகளின் படிப்புக்கென்று வைத்திருந்த பணத்தில், பெயர் தெரியாதவன் கைபேசியில் அனுப்பிய பெயரை நம்பி, ஒரு பங்கை வாங்கினார். விலை ஏறியது. "கம்பெனி வளருது தம்பி" என்றார். இறங்கியது. "எவனோ சதி பண்றான் தம்பி" என்றார். "ஏற்றிவிட்டவன் யார் அண்ணே?" என்றேன். பதில் இல்லை. ஏறும்போதும் அதே கைதான். அப்போது அது நமக்கு அருள்புரியும் கையாகத் தெரிந்தது!

அவரை நான் நகையாடவில்லை, தோழர்களே. இரவெல்லாம் பிறர் முகத்துக்கு வண்ணம் பூசிச் சேர்த்த காசு அது. காவல்காரன் என்ன செய்தான் என்றும் கேட்கத்தான் வேண்டும். சாதனா வழக்கில் செபி இடைக்கால ஆணை பிறப்பித்தது 2023 மார்ச்சில். இறுதி ஆணை 2025 மே மாதத்தில்! 59 பேருக்குத் தடை, ஏறத்தாழ 58 கோடி ரூபாயைத் திருப்பிச் செலுத்தக் கட்டளை. சில மாதங்களில் நடந்த கொள்ளைக்கு ஏறத்தாழ மூன்றாண்டு விசாரணை!

எச்சரித்தால் மட்டும் கேட்டோமா? 2024 மார்ச் 11 அன்று செபியின் அன்றைய தலைவர் மாதவி புரி புச், சிறு நிறுவனப் பங்குகளில் தில்லுமுல்லுக்கான அறிகுறிகள் தெரிகின்றன என்றார். 13ஆம் நாள் சிறு பங்குகளின் குறியீடு ஏறத்தாழ 5 விழுக்காடு சரிந்தது. கள்வனை விட்டுக் கூவியவரை ஏசியோர் உண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில், டெல்லியிலே இரண்டு காட்சிக்கூடமும் எட்டுப் பணியாளரும் கொண்ட இருசக்கர வாகனக் கடை 12 கோடி ரூபாய் கேட்டது. ஏறத்தாழ 4,800 கோடிக்கு விண்ணப்பங்கள் குவிந்தன! கடைக்காரர் கேட்டது 12 கோடிதான். அவர்மேல் என்ன குற்றம்?

சென்ற வாரம் நாடகம் முடிந்து அரிதாரம் கலைக்கும்போது ஒப்பனைக்காரர் கைபேசியை என்னிடம் நீட்டினார். பதினோராம் நாளாக விற்கக் கொடுத்து வைத்திருக்கிறார். வாங்குவோர் பக்கத்தில் சுழியம். "காலைல ஒன்பதே கால் மணிக்கு மறுபடியும் போட்டுப் பாக்கிறேன் தம்பி" என்று சொல்லிவிட்டுத் தூரிகைகளைக் கழுவப் போனார்.