கொடை வினா: செயற்கை நுண்ணறிவிடம் தமிழில் கேட்பது எவ்வாறு?

 

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் நாம் தட்டச்சு செய்து தரும் வேண்டுகோளை ஆங்கிலத்தில் 'பிராம்ப்ட்' என்கின்றனர். தமிழில் 'தூண்டல்' என்றும் 'ஏவல்' என்றும் சொல்லி வருகிறோம். அக்கருவியின் துணைகொண்டு தரமான கட்டுரை எழுதத் தூண்டல் எவ்வாறு அமைய வேண்டும் என்பது இன்று வகுப்பறைகளில் எழும் கேள்வி. விடை தேட நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. வினவுதலைப் பற்றித் தமிழிலக்கணம் நெடுங்காலத்திற்கு முன்பே சிந்தித்திருக்கிறது. அதனைத் துணைகொண்டு, நமக்கு நெருக்கமான தேக்காவை எடுத்துக்காட்டாக வைத்து இன்று பேச விழைகிறோம்.

முதலில் இரண்டு சந்தைகளின் பெயர்களைக் காண்போம். நகரின் நிதி வட்டாரத்தில் உள்ள 'லாவ் பா சாட்' உணவங்காடி நிலையத்தை நீங்கள் அறிவீர்கள். 2014இல் அதற்கு வழிகாட்டும் பலகை ஒன்றில் 'சாட்' என்ற பகுதி தமிழில் 'சனி' என்று எழுதப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் சனிக்கிழமையைக் குறிக்கும் சுருக்கமாக அது கொள்ளப்பட்டுவிட்டது. உண்மையில் அப்பெயர் ஹொக்கியன் வழக்கு. 'பழைய சந்தை' என்பது அதன் பொருள். 'பாசார்' என்னும் மலாய்ச் சொல்லே ஹொக்கியன் நாவில் 'பா சாட்' ஆயிற்று. தமிழறிந்தோர் சுட்டிக்காட்டிய பின்னரே பிழை வெளிப்பட்டது.

மற்றொன்று நம் தேக்கா. மூங்கிலைக் குறிக்கும் ஹொக்கியன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. 1982இல் பழைய சந்தை சாலையின் எதிர்ப்புறம் இடம் மாறியபோது, புதிய கட்டடத்திற்கு அதே பெயரின் மாண்டரின் ஒலிப்பில் 'சூஜியாவ் நிலையம்' எனப் பெயரிட்டனர். மக்களோ தேக்கா என்றே அழைத்து வந்தனர். 2000இல் 'தேக்கா நிலையம்' என்ற பெயரே அதிகாரபூர்வமாயிற்று.

இவ்விரண்டும் நமக்கு உணர்த்துவது என்ன? எழுத்தை மட்டும் பார்ப்பவருக்கு ஒரு பொருளும், இடத்தை அறிந்தவருக்கு வேறொரு பொருளும் தோன்றும். செயற்கை நுண்ணறிவுக் கருவி பெரும்பாலும் எழுத்தைப் பார்த்தே பயின்றது. ஒரு சொல்லை அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்பதைப் பெருந்தொகையான உரைகளிலிருந்து கற்று, அவ்வாறே சொற்களைத் தொடுத்துச் செல்வது அதன் செயல்முறை. அவ்வுரைகளில் ஆங்கிலமே பெரும்பங்கு. இணையத்தில் தமிழின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அந்தச் சிறு பங்கிலும் சிங்கப்பூர்த் தமிழ் மிகச் சிறிது. எனவே நாம் 'அமைச்சு' என்னுமிடத்தில் அது 'அமைச்சகம்' என்றும், 'பெருவிரைவு ரயில்' என்னுமிடத்தில் 'மெட்ரோ' என்றும் எழுதக்கூடும். அவை தவறான சொற்கள் அல்ல. ஆனால் நம் ஊர்ச் சொற்களும் அல்ல. இக்குறையை ஓரளவு ஈடுசெய்யும் முயற்சியாக, ஏஐ சிங்கப்பூர் 2023இன் இறுதியில் வெளியிட்ட 'சீ லயன்' மொழி மாதிரியில் தென்கிழக்காசிய மொழிகளோடு தமிழும் இடம்பெற்றது. மாதிரிகள் மேம்படலாம், கேட்பவரின் கடமை குறைவதில்லை.

இனி இலக்கணத்திற்கு வருவோம். பவணந்தி முனிவரின் நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. மாணவர்கள் இவற்றைத் தேர்வுக்காகப் படித்திருப்பீர்கள். தூண்டல் எழுதவும் இவை உதவும்.

அறிவினா, விடை தெரிந்தே கேட்பது. ஆசிரியர் மாணவரைச் சோதிப்பதைப் போல, நாம் நன்கறிந்த ஒன்றைக் கருவியிடம் முதலில் கேட்டுப் பார்க்கலாம். தேக்காவின் பெயர்க்காரணத்தைக் கேட்டால், அதன் விடையை எவ்வளவு நம்பலாம் என்பது விளங்கும். அறியாவினா, தெரியாததைக் கேட்பது. இங்கேதான் இடர் மிகுதி. கருவி அறிந்ததையும் அறியாததையும் ஒரே உறுதியான தொனியில் சொல்லும். ஆகவே ஆண்டு, பெயர், மேற்கோள் ஆகியவற்றை நூலகத்தில் சரிபார்க்காமல் ஏற்கலாகாது. ஐயவினா, 'இதுவா, அதுவா' எனக் கேட்பது. ஒற்று மிகுமா, மிகாதா என்ற ஐயத்தைக் கேட்கலாம். முடிவை இலக்கண நூலில் உறுதிசெய்ய வேண்டும். கொளல்வினா, ஒன்றைப் பெறும்பொருட்டுக் கேட்பது. ஏவல்வினா, கேள்வியின் வடிவில் பணிப்பது. நம்மில் பலர் எழுதும் தூண்டல்கள் இவ்விரண்டோடு நின்றுவிடுகின்றன: கொடு, எழுது, விரைவாக முடி.

நாம் மறந்துவிடுவது கொடைவினா. அது கொடுக்கும் கருத்தோடு கேட்பது. தரமான எழுத்து வேண்டுவோர் முதலில் தம்மிடம் உள்ளதைக் கொடுக்க வேண்டும் என்பதே இவ்வுரையின் மையக் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 'தேக்காவைப் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுதுக' என்று பணித்தால், வண்ணமயமான கடைகள், மணம் வீசும் மசாலாக்கள், பல்லினப் பண்பாட்டின் சங்கமம் எனச் சில தொடர்கள் வந்து சேரும். ஊர்ப்பெயரை மாற்றினால் அக்கட்டுரை பினாங்குக்கும் பொருந்தும், டர்பனுக்கும் பொருந்தும்.

இப்போது வேறொரு தூண்டல்: 'நாங்கள் உயர்நிலை மூன்றாம் வகுப்பு மாணவர்கள். தேக்கா சந்தையைப் பற்றித் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுத இருக்கிறோம். கீழே இருப்பவை நாங்கள் நேரில் கண்டும் பாட்டியிடம் கேட்டும் எடுத்த குறிப்புகள். இவற்றில் இல்லாத செய்தியைச் சேர்க்க வேண்டாம். கட்டுரையும் எழுத வேண்டாம். குறிப்புகளில் எது தெளிவாக இல்லை, எது விடுபட்டுள்ளது என்று ஐந்து கேள்விகள் மட்டும் கேட்கவும்.'

இத்தூண்டலில் எழுதுபவர் யார், படிப்பவர் யார், பொருள் எது, எல்லை எது என்ற நான்கும் உள்ளன. அதைவிட முக்கியம், கேள்வி கேட்கும் பணி கருவியிடமும் விடை தேடும் பணி மாணவரிடமும் சேர்வது. மீன்கடைக்காரர் எந்த மொழியில் விலை சொன்னார் என்று கருவி கேட்டால், மாணவர் மீண்டும் சந்தைக்குச் செல்ல வேண்டியிருக்கும். பழைய செய்தி வேண்டுமெனில், தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கச் செய்தித்தாள் தொகுப்பில் தமிழ் முரசின் பழைய இதழ்களைப் புரட்டலாம். அவ்வாறு சேர்த்ததைக் கொண்டு முதல் வரைவை மாணவரே எழுத வேண்டும். குறிப்புகளைக் கருவியிடம் தரும்போது பாட்டியின் பெயர், முகவரி போன்றவற்றை நீக்கிவிடுவது நல்லது.

வரைவைச் செப்பனிடவும் நன்னூல் உதவும். நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை அது சொல்கிறது. அவற்றுள் கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல், சென்று தேய்ந்து இறுதல் ஆகிய மூன்றும் கருவிகள் எழுதும் உரையில் அடிக்கடி காணப்படுபவை. ஒரே கருத்து மூன்று தொடர்களில் வரும். பொருளற்ற அலங்காரச் சொற்கள் அடுக்கப்படும். நன்கு தொடங்கிய கட்டுரை பொதுவான வாழ்த்தோடு வலுவிழந்து முடியும். 'எங்கள் நடையை மாற்றாமல், இம்மூன்று குற்றங்கள் உள்ள இடங்களை மட்டும் சுட்டவும். திருத்தத்தை நாங்களே செய்வோம்' என்று கேட்கலாம். பின்னர் கட்டுரையை உரக்கப் படித்துப் பாருங்கள். நாவில் தடுக்கும் தொடர் பெரும்பாலும் ஆங்கில அமைப்பில் பிறந்த தொடராகவே இருக்கும். தூண்டலைத் தமிழிலேயே எழுதுமாறு நாம் வற்புறுத்துவதும் இதனால்தான். தனக்கு என்ன வேண்டும் என்பதைத் தமிழில் தெளிவாகச் சொல்லக் கற்ற மாணவர், கட்டுரையின் பாதியை எழுதிவிட்டார் எனலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முடிந்த கட்டுரையை மட்டும் மதிப்பிடாமல், மாணவர் எழுதிய தூண்டல்களையும் கைக்குறிப்புகளையும் சேர்த்துக் கேளுங்கள். எதைக் கொடுத்தார், எதை ஏற்றார், எதைத் தள்ளினார் என்பவற்றில் அவருடைய மொழித்திறன் தெரியும். கருவியைப் பயன்படுத்தியதை மறைக்காமல் சொல்லும் பழக்கமும் அதனால் வளரும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் தமிழை அதிகமாகப் பேசுவோர் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காட்டினர், ஆங்கிலத்தைப் பேசுவோர் 48.3 விழுக்காட்டினர். வீட்டில் தமிழ் கேளாத பிள்ளைக்குப் பள்ளிக் கட்டுரையே தன் வாழ்வைத் தமிழில் சொல்லக் கிடைக்கும் அரிய வாய்ப்பு. அதையும் கருவியிடம் ஒப்படைத்துவிட்டால், அப்பிள்ளையின் அனுபவம் தமிழில் பதிவாகாமலே போகும். நாளைய கருவிகள் பயிலச் சிங்கப்பூர்த் தமிழும் மிஞ்சாது.

கணினியில் தமிழ் இடர்ப்பட்ட காலத்தில், தேசியக் கல்விக் கழக விரிவுரையாளராகவும் எழுத்தாளராகவும் விளங்கிய நா. கோவிந்தசாமி 'கணியன்' மென்பொருளை உருவாக்கினார். தமிழ்க் குறியீட்டையும் விசைப்பலகையையும் பற்றிக் கலந்து பேச 1997இல் தமிழ்நெட் மாநாடு இந்நகரில்தான் கூடியது. விசைப்பலகையில் தமிழ் வர அவர்கள் உழைத்தனர். அவ்விசைப்பலகையில் நாம் எதைத் தட்டுகிறோம் என்பது நம் பொறுப்பு. மாணவர்களே, இந்த வாரம் தேக்காவுக்கு ஒரு குறிப்பேட்டோடு சென்று வாருங்கள். தூண்டலை அதன் பிறகு எழுதுங்கள்.