காரணம் கேட்கும் சட்டம்

அமெரிக்கப் பள்ளியொன்றில் துப்பாக்கிச்சூடு என்று செய்தி வந்தால், "அது அவர்கள் ரத்தத்தில் ஊறியது" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. துப்பாக்கி வாங்க வந்தவன் காரணம் சொல்ல வேண்டுமா, மறுக்கும் அரசு காரணம் சொல்ல வேண்டுமா? நாட்டுக்கு நாடு வேறுபடுவது இந்த இடத்தில்தான்.

ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்ளுங்கள். பண்ணை வீடுகளில் துப்பாக்கி சகஜமாகப் புழங்கிய நாடு அது. 1996 ஏப்ரல் 28-ல் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். பன்னிரண்டே நாளில், மே 10 அன்று, மத்திய அரசும் மாநிலங்களும் துப்பாக்கிக் கட்டுப்பாட்டில் ஒரே உடன்பாட்டுக்கு வந்தன. பிரதமர் ஜான் ஹோவர்ட் இடதுசாரி அல்ல, பழமைவாதி. பதவியேற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சேல் என்ற ஊரில் துப்பாக்கி வைத்திருப்போர் கூட்டத்தில் பேசப் போனபோது, கோட்டுக்குள் குண்டு துளைக்காத உடை அணிந்துதான் மேடையேறினார். எதிர்ப்பு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப்பாருங்கள்! ஆனாலும் சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளை அரசு விலை கொடுத்து வாங்கி அழித்தது. அதற்கான பணம் மக்கள் கட்டிய மருத்துவக் காப்பீட்டு வரியை ஓராண்டுக்குச் சற்றே உயர்த்தித் திரட்டப்பட்டது. பயிர் காக்க வேண்டும், வேட்டைக்கு வேண்டும் என்றால் இன்றும் அங்கே உரிமம் உண்டு. தற்காப்புக்கு என்று சொன்னால் மட்டும் கிடைக்காது.

"சுவிட்சர்லாந்தில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கிறதே, அங்கே என்ன கெட்டுப்போயிற்று?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. அங்கே ராணுவப் பணிக்காக அரசு கொடுத்த துப்பாக்கிதான் பல வீடுகளில் இருக்கிறது. அதற்குரிய தோட்டாக்களை வீட்டில் வைக்கும் வழக்கத்தை 2007-லேயே நிறுத்தத் தொடங்கிவிட்டார்கள். 2019-ல் விதிகளை இன்னும் இறுக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது, ஏறத்தாழ 64 சதவீதம் பேர் சரி என்றார்கள். துப்பாக்கி வைத்திருப்பவர் நிறைந்த நாடுதானே அதுவும்?

"கொல்வது மனிதன், துப்பாக்கி அல்ல" என்பது இன்னொரு வாதம். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலை செய்துகொள்பவர்கள். மனம் உடைந்த அந்த அரைமணி நேரம் கடந்துவிட்டால் பலர் பிழைத்துக்கொள்வார்கள். கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் அந்த அவகாசமே கிடைப்பதில்லை. எந்தக் கொலைகாரனைப் பற்றி இங்கே பேசுவது?

அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது என்பார்கள். தனிமனிதனுக்குத் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை உண்டு என்று 2008-ல் ஹெல்லர் வழக்கில் தீர்ப்பளித்த அதே உச்ச நீதிமன்றம், அது வரம்பற்ற உரிமை அல்ல என்றும் அதே தீர்ப்பில் எழுதியது. அப்படியானால் தடுப்பது எது? 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நான்கு மாதம் கழித்து, வாங்குபவரின் பின்னணியை விசாரிப்பதை விரிவாக்கும் யோசனை செனட்டுக்கு வந்தது. துப்பாக்கியைப் பறிக்கும் யோசனைகூட அல்ல அது. ஆதரித்தவர்கள் 54 பேர், எதிர்த்தவர்கள் 46 பேர். செனட்டின் நடைமுறைப்படி 60 வேண்டும். அதைத் தோற்கடித்தது அரசியல் சட்டம் அல்ல, ஆறு வாக்கு.