ஓய்வூதியக் கோப்பு: வீட்டில் இன்னொருவருக்கும் தெரியட்டும்

(ஓய்வூதியர்களுக்கும் குடும்பத்தினருக்குமான விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றில், கருவூலத்தில் ஓய்வூதியப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்களுக்கு ஒரு வணக்கம். அவங்களை வண்டியில் கூட்டிட்டு வந்து, பின்னாடி நின்று போன் பார்த்துக்கிட்டிருக்கிற பிள்ளைகளுக்கு இரண்டு வணக்கம். ஏன்னா, இன்றைக்கு நான் பேசப் போறது பெரும்பாலும் உங்களிடம்தான்.

ஓய்வூதியப் பிரிவில் என்ன வேலை என்று பலரும் கேட்டிருக்காங்க. "மாசா மாசம் பணம் போடுறதுதானே சார்?" என்பார்கள். பணம் போடுவது கடைசி வேலை. வேலை பார்த்த அலுவலகம் கருத்துரு அனுப்பும். மாநிலக் கணக்காயர் அலுவலகம் அதைச் சரிபார்த்து ஓய்வூதியக் கொடுப்பாணை வழங்கும். நாம பி.பி.ஓ. என்று சொல்றோமே, அதுதான். அதில் உள்ளபடிதான் கருவூலம் பணம் வழங்க முடியும். அதில் உங்க மனைவி பெயர் எப்படி எழுதியிருக்கோ, எங்களைப் பொறுத்தவரை அதுதான் அவங்க பெயர். இதை ஏன் அழுத்திச் சொல்றேன் என்பதற்கு ஒரு சம்பவம்.

நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த புதிது. ஒரு அம்மா வந்தாங்க. கணவர் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. குடும்ப ஓய்வூதியத்துக்கு என்ன செய்யணும் என்று கேட்டாங்க. நான் நிமிர்ந்துகூடப் பார்க்கலை. "இறப்புச் சான்றிதழ் கொண்டு வாங்கம்மா" என்றேன். போயிட்டாங்க.

அடுத்த வாரம் சான்றிதழோடு வந்தாங்க. "பாங்கு பாஸ்புக் வேணுமே" என்றேன். அவங்க பெயரில் கணக்கே இல்லை. மூன்றாம் முறை கணக்குத் தொடங்கிக் கொண்டுவந்தாங்க. அப்போதுதான் பெயரைப் பார்த்தேன். கொடுப்பாணையில் 'லட்சுமி' என்று முடியுது, பாஸ்புக்கில் 'லெட்சுமி' என்று இருக்கு. அங்கே கணவர் இனிஷியல், இங்கே அப்பா இனிஷியல். "ரெண்டும் ஒரே ஆள்தான்னு தாசில்தார்கிட்ட சான்று வாங்கிட்டு வாங்க" என்றேன். நான்காம் முறை அதையும் வாங்கிக்கொண்டு வந்தாங்க. ஒவ்வொரு முறையும் இரண்டு பஸ் மாறி வரணும்.

அன்றைக்கு எங்கள் கண்காணிப்பாளர் அந்த அம்மாவை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அவங்க போன பிறகு என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "இந்த மூணும் வேணும்னு உனக்கு முதல் நாளே தெரியுமா, தெரியாதா?"

தெரியும். நான் விதிப்படிதான் நடந்தேன். கேட்டதில் ஒன்றுகூடத் தேவையில்லாதது இல்லை. ஆனால், எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் அந்த அம்மாவுக்கு இரண்டு பயணமாவது மிச்சமாகியிருக்கும். வேலையில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. அதற்குப் பிறகு என் மேசையில் எழுதின தாள் ஒன்று எப்போதும் இருக்கும். அந்தத் தாளைத்தான் இன்றைக்கு உங்களிடம் கொடுக்க வந்திருக்கேன்.

முதலாவது, பெயர். இன்று ராத்திரியே கொடுப்பாணை, ஆதார், பான், பாஸ்புக் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஓய்வூதியர் பெயரை மட்டுமல்ல, குடும்ப ஓய்வூதியம் யாருக்குப் போகணுமோ அவங்க பெயரையும் பிறந்த தேதியையும் பாருங்க. நம் ஊரில் லட்சுமி, லெட்சுமி, இலட்சுமி மூன்றும் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். வித்தியாசம் இருந்தால், ஓய்வூதியர் உயிரோடு இருக்கும்போதே திருத்த விண்ணப்பம் கொடுங்க. அவர் வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் நகரக்கூடிய விஷயத்துக்கு, பின்னால் அந்த வீட்டம்மா ஊர் ஊராக அலையணும்.

பிறந்த தேதி ஏன் முக்கியம்? 80 வயது முடிந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். 85-இல் அது 30 சதவீதம், 90-இல் 40, 95-இல் 50, நூறு வயதில் 100 சதவீதம். குடும்ப ஓய்வூதியருக்கும் இது உண்டு. ஆனால், கோப்பில் அவங்க பிறந்த தேதி இல்லாவிட்டால், 80 முடிந்தது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது, வாழ்நாள் சான்று. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர் மாதம். 80 வயது கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களுக்கு அவரவர் ஓய்வுபெற்ற மாதத்தில் நேர்காணல். பி.எஃப். ஓய்வூதியம் வாங்குபவர்களுக்குச் சான்று கொடுத்த நாளிலிருந்து 12 மாதம். பக்கத்து வீட்டுக்காரர் நவம்பரில் கொடுக்கிறார் என்று நீங்களும் நவம்பர் வரை காத்திருக்காதீங்க. உங்க மாதம் எது என்று கருவூலத்தில் கேட்டு, போனில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்க.

நேரில் வர முடியாதவர்களுக்கு வழி இருக்கு. தபால்காரர் வீட்டுக்கே வந்து விரல் ரேகை வைத்துச் சான்று எடுத்துத் தருவார். விரல் ரேகை தேய்ந்துபோனவர்களுக்கு முகம் காட்டிச் சான்று எடுக்கும் வசதி 2021 முதல் இருக்கு. பிள்ளைகளே, இங்கேதான் உங்க போனுக்கு வேலை. ஜீவன் பிரமாண் செயலி, ஆதார் ஃபேஸ் ஆர்டி செயலி இரண்டையும் இறக்குங்க. முதலில் உங்க முகம், பிறகு அப்பா முகம். வெளிச்சம் முகத்தில் விழுகிற இடத்தில் உட்கார வையுங்க.

மூன்று இடத்தில் தப்பு நடக்கும். ஓய்வூதியம் அனுமதித்த அலுவலகம், பணம் வழங்கும் அலுவலகம் இரண்டையும் பட்டியலிலிருந்து தேர்வு செய்யணும். மாற்றித் தொட்டுவிட்டால் சான்று வேறு எங்கோ போய்விடும். மறுமணம் ஆகிவிட்டதா, மறுபடி வேலையில் சேர்ந்தீர்களா என்ற கேள்விகளைப் படிக்காமல் 'ஆம்' என்று அழுத்திவிடாதீங்க. பிரமாண் எண் வந்ததும் வேலை முடிந்தது என்றும் நினைக்காதீங்க. விவரம் தவறாக இருந்தால் அந்தச் சான்று நிராகரிக்கப்படலாம். சேர்ந்துவிட்டதா என்று ஒருமுறை கேட்டு உறுதி செய்யுங்க.

இன்னொன்று. "வாழ்நாள் சான்று புதுப்பிக்கிறோம், ஓ.டி.பி. சொல்லுங்க" என்று போன் வந்தால் வைத்துவிடுங்க. யாரும் போனில் ஓ.டி.பி. கேட்டு ஓய்வூதியம் கொடுப்பதில்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்குக் கூப்பிடுங்க.

மூன்றாவது விஷயம், சொல்லவே சங்கடமானது. ஓய்வூதியர் இறந்துவிட்டால் உடனே தெரிவிக்கணும். இறந்த நாள் வரைக்கும் அவருக்கு ஓய்வூதியம், மறுநாளிலிருந்து குடும்ப ஓய்வூதியம். தெரிவிக்காவிட்டால் பணம் பாட்டுக்கு அவர் கணக்கில் ஏறும். வீட்டில் யாராவது ஏ.டி.எம். கார்டை வைத்து எடுத்துவிட்டால், அத்தனையும் திரும்பக் கட்ட வேண்டிய பணம். துக்க வீட்டில் யாரும் ஏமாற்றணும் என்று செய்வதில்லை. ஆனால், பிறகு பிடித்தம் வரும்போது வலிப்பது அந்த அம்மாவுக்குத்தான்.

அதனால் ஒரு பை போடுங்க. கொடுப்பாணை, இருவரின் ஆதார், பான், மனைவி அல்லது கணவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படங்கள். சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறன் பிள்ளை இருந்தால், அவருடைய மருத்துவச் சான்று. அந்தப் பிள்ளைக்கும் பின்னாளில் குடும்ப ஓய்வூதியம் கேட்க வழி உண்டு. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்க. முக்கியமாக, பை எங்கே இருக்கு என்று வீட்டில் இன்னொருத்தருக்குத் தெரியணும். பீரோ சாவியைவிட அது முக்கியம்.

கடைசியாக ஒன்று. கவுன்ட்டரில் நிறைய பேர் கைகூப்பி, "ஐயா, தயவு பண்ணுங்க" என்பார்கள். கூப்ப வேண்டாம். 1982 டிசம்பர் 17-ஆம் தேதி, நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஓய்வூதியம் தர்மம் இல்லை, செய்த பணிக்கான உரிமை. அதை நினைத்துத்தான் டிசம்பர் 17 ஓய்வூதியர் தினம். உரிமையைக் கேட்பதற்குப் பணிவு போதும், கெஞ்சல் வேண்டாம். "என்னென்ன வேணும், எல்லாத்தையும் ஒரே தாள்ல எழுதிக் கொடுங்க" என்று தைரியமாகக் கேளுங்க.

கவுன்ட்டருக்கு உள்ளே இருக்கிற தம்பி தங்கைகளும் இதைப் படிப்பீங்க என்று நம்புறேன். யாராவது அப்படிக் கேட்டால் எழுதிக் கொடுங்க. கேட்காவிட்டாலும் கொடுங்க.

அந்த அம்மாவுக்கு முதல் மாதக் குடும்ப ஓய்வூதியம் ஏறியபோது ஐந்தாம் முறையாக வந்தாங்க. நன்றி சொல்லிவிட்டு, "இன்னும் ஏதும் கொண்டுவரணுமா தம்பி?" என்று கேட்டாங்க. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரலை. தலையை மட்டும் ஆட்டினேன்.

உங்க வீட்டில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கும்படி ஆகக்கூடாது.