பழைய வன்தட்டில் அம்மாவின் சொற்கள்



அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய வடமராட்சிச் சொற்களின் தொகுப்பை, இங்கே பே ஏரியாவில், என் பழைய கணினியில் ‘கிட்’ என்ற மென்பொருளில் வைத்திருந்தேன். ஒவ்வொரு திருத்தமும் திகதியோடு அதில் பதிவாகும். அம்மா இப்போது இல்லை. சென்ற மாதம் அந்த வன்தட்டைப் புதிய கணினியில் இணைத்தபோது, கோப்புறையின் உரிமையாளர் யாரென்று சந்தேகம் சொல்லி கிட் மறுத்துவிட்டது.

பயப்பட வேண்டாம், எதுவும் அழியவில்லை. 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 பதிப்பிலிருந்து, வேறு பயனருக்குரிய கோப்புறையை கிட் ஏற்பதில்லை. பிறர் வைத்த கட்டளை நம் கணினியில் ஓடிவிடக் கூடாதென்ற காவல் அது. கணினி மாறியதால் சொந்தக்காரரே அந்நியராகத் தெரிகிறார்.

முதலில் கோப்புறையை முழுதாகப் படியெடுங்கள். மறைந்திருக்கும் ‘.கிட்’ கோப்புறையை விட்டுவிடாதீர்கள். வரலாறு முழுவதும் அதற்குள்தான். நீங்களே எடுத்த படி பெரும்பாலும் உங்கள் பெயரிலேயே அமையும். அமையாவிட்டால், அது உங்களுடையதுதான் என்று உறுதியானபின், ‘சேஃப் டைரக்டரி’ அமைப்பில் அதன் பாதையைச் சேருங்கள். ‘எஃப்எஸ்சிகே’ கட்டளை பழுதிருந்தால் காட்டும்.

எங்கள் தொகுப்பு திறந்தது. எந்தச் சொல்லை அம்மா எந்த நாளில் திருத்தினார் என்பதுவரை இருந்தது.

பிறகு ‘குளோன்’ எடுத்து உறவினர் வீட்டிலும் வையுங்கள். அதில் முழு வரலாறும் இருக்கும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்த ஓலைச்சுவடிகளில் பலவற்றுக்கு வேறு படி இருக்கவில்லை. நம் வீட்டு ஏடுகளுக்காவது இருக்கட்டும்.