மனு எழுதாத குற்றம்
(பழைய மாணவர் கூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்க தெரு வடிகால் மூடி உடைந்து ஒரு மழைக்காலம் முழுக்கத் திறந்தே கிடந்தது. நானும் தினம் தாண்டிப் போனவன்தான். ஒருநாள் ராத்திரி பக்கத்து வீட்டுப் பெரியவர் அதில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அப்புறம்தான் எனக்குக் கோபம் வந்தது! நேரே மாமன்றக் கூட்டத்துக்குப் போனேன். பார்வையாளர் மாடத்தில் உட்காரலாம், வாய் திறக்க முடியாது. பேசும் உரிமை கவுன்சிலருக்குத்தான்.

அன்றைக்கு ஒன்று புரிந்தது. தீர்மானங்கள் பெரும்பாலும் மன்றத்தில் பிறப்பதில்லை. கணக்கு, கல்வி, சுகாதாரம், வரி, நகரமைப்பு, பணிகள் என்று மாநகராட்சியில் நிலைக்குழுக்கள் உண்டு. பல விஷயங்கள் அங்கே அலசப்பட்ட பிறகே மன்றத்துக்கு வருகின்றன. ஆகவே கூட்டத்தன்று ஓடிப் பயனில்லை. அஜெண்டா தயாராகுமுன் கவுன்சிலர் கையில் மனு இருக்கணும்.

மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று சொன்ன 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வந்ததோ 2022-இல்! பகுதி சபை என்றால் அந்தப் பகுதி வாக்காளர்கள் எல்லாரும்தான். அங்கே நாம் பேசலாம்.

தம்பிகளே, பதினெட்டு வயதானதும் ஓட்டோடு நின்றுவிடாதீங்க. சபை எப்போது என்று விசாரித்துப் போங்க. எங்க தெருவுக்கு மூடி வந்துவிட்டது. பெரியவர் இன்றும் கோலூன்றித்தான் நடக்கிறார். ஒரு மனு, ஒரு மாதம் முன்னால் எழுதியிருக்கலாம்.