உறக்கமும் ஜீரணமும்

(நாமகிரிப்பேட்டைப் பகுதிக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினருக்குச் செய்த பிரசங்கம்)



தை பிறந்தால் நாமகிரிப்பேட்டைச் சுற்றுப்புறத்தில் மஞ்சள் வெட்டு ஆரம்பமாகிறது. கிழங்கை வேகவைத்தல், களத்தில் உலர்த்துதல், மெருகிடுதல், ஏலத்திற்குக் கொண்டுபோதல் எனப் பங்குனி வரை ஓய்வில்லை. பகலெல்லாம் உழைத்தவர் இரவில் களத்திற்குக் காவல் இருக்கிறார். அல்லது மின்சாரம் வரும் வேளை பார்த்து மோட்டார் போட எழுகிறார். பின்பு நெஞ்செரிச்சல், புளியேப்பம், மலச்சிக்கல் என்று வருந்துவோர் உணவையே குற்றஞ்சாட்டுகின்றனர். உறக்கக் கேட்டிற்கும் இதிற் பங்குண்டென்று உணர்வாரில்லை.

மனித தேகத்தினுள் ஒரு கடிகாரம் உண்டு. அதன் சூட்சுமத்தை ஈக்களைக் கொண்டு ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானிகள் மூவர் 2017-ம் வருஷத்தில் நோபெல் பரிசு பெற்றனர். இரைப்பையும் குடலும் அக்கடிகாரத்தை அனுசரித்தே நடக்கின்றன. இரவில் இரைப்பை உணவைத் தள்ளுவது மந்தப்படும். பெருங்குடல் அடங்கியிருந்து, விழித்தெழுந்ததும் மீண்டும் அசையும். காலையில் மலங்கழிவது இதனாலேயே. உறக்கம் தவறினால் இவ்வொழுங்கும் தவறும்.

உண்டவுடன் படுப்பது அடுத்த தவறு. படுத்த நிலையில் இரைப்பையின் புளிப்பு நீர் உணவுக்குழாயில் எளிதில் ஏறும். உறங்கும்போது உமிழ்நீரும் விழுங்குதலும் குறைவதால் அது விரைவிற் கழுவப்படுவதில்லை. எரிச்சலால் உறக்கம் கலையும். உறக்கம் குறைந்ததால் மறுநாள் எரிச்சல் மிகுதியாய்த் தோன்றும்.

ஆயினும் வயிற்றுப்புண்ணுக்கு உறக்கமின்மையே காரணமென்று கொள்ளலாகாது. ஆஸ்திரேலிய வைத்தியர்களான வாரன், மார்ஷல் இருவரும் 1982-ல் இரைப்பையில் வாழும் ஒரு கிருமியை வளர்த்துக் காட்டினர். 2005-ல் நோபெல் பரிசும் பெற்றனர். அக்கிருமி மருந்தால் ஒழியும். உடல்வலிக்கு வைத்தியர் யோசனையின்றி விழுங்கும் மாத்திரைகளும் புண்ணை உண்டாக்கும்.

அனுசரிக்கத்தக்கவை:

1. படுக்கைக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே இரவுணவை முடித்தல்.
2. நடுநிசியில் வயிறு நிறைய உண்ணாமை, தேநீரைக் குறைத்தல்.
3. இடப்பக்கமாகப் படுத்தல், எரிச்சலுள்ளோர் கட்டிலின் தலைப்புறக் கால்களுக்கு அரையடி உயரம் கட்டை வைத்தல்.
4. மலம் கறுத்துப் போதல், இரத்த வாந்தி, விழுங்குவதிற் கஷ்டம், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை கண்டால் சோடா உப்பை நம்பியிராது உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல்.

ஒரு குடும்பத்தின் உழைப்பாளி நோயிற் படுத்தால் அறுவடையும் நிற்கும். சங்கத்துக் கடன் தவணையும் தவறும். அக்கம்பக்கத்துக் களத்தார் நால்வர் முறை வைத்துக் காவல் காத்தால், நான்கு இரவில் ஒவ்வொருவருக்கும் மூன்று இரவு நல்லுறக்கம் கிட்டும். இதற்கு முதலீடு வேண்டுவதில்லை. ஒற்றுமை ஒன்றே போதும். கூடி விற்கக் கற்ற அங்கத்தினர் கூடி விழித்திருக்கவும் கற்பாராக.